குவாய் ஆற்றுப் பாலமும் பெயரில்லாத் தமிழரும்

தோற்றுவாய்

இரண்டாம் உலகப் போரின் சிறைமுகாம்களைப் பொருளாகக் கொண்ட திரைப்படங்கள் 1950-க்குப் பின் மேனாடுகளில் பெருகின. புகழ் வாய்ந்த நடிகர் பலரை ஒருங்கு கூட்டி, முள்வேலிக்குள் அடைத்து, காவலரோடு மாறுபடச் செய்து, இறுதியில் தப்பி ஓடவோ பகைவர் பொருளைத் தகர்க்கவோ வைப்பது அவற்றின் பொது அமைப்பு. 1953-இல் வந்த 'ஸ்டாலக் 17', 1963-இல் வந்த 'தி கிரேட் எஸ்கேப்', 1979-இல் வந்த 'எஸ்கேப் டு ஏதினா' ஆகியன இவ்வகையின. இவற்றுள் பெரும்புகழ் பெற்றது 1957-இல் டேவிட் லீன் இயக்கத்தில் வெளிவந்த 'குவாய் ஆற்றுப் பாலம்' என்னும் படம். அலெக் கின்னஸ், வில்லியம் ஹோல்டன், ஜாக் ஹாக்கின்ஸ், செசுவே ஹயகவா ஆகிய முன்னணி நடிகர் நால்வர் அதில் தோன்றினர். அமெரிக்கத் திரைக்கழகத்தின் ஆஸ்கர் பரிசுகள் ஏழினை அது பெற்றது.

ஆங்கிலத் திரைப்படம் ஒன்றனைத் தமிழாய்வு இதழில் ஆராய்தற்கு இயைபு யாது என வினவலாம். அப்படத்திற்குக் களமான சயாம்-பர்மா இருப்புப்பாதையின் ஓரத்தில் பல்லாயிரம் தமிழர் மடிந்தனர். படத்தின் கதையை நடத்திச் செல்லும் மாந்தருள் தமிழர் ஒருவரும் இலர். முதுகலை மாணவரோடு அமர்ந்து அப்படத்தைக் கண்டபொழுது, விளக்குகள் ஏற்றப்பட்டவுடன் ஒருவர், 'ஐயா, இதில் நம்மவர் எங்கே?' என்று வினவினார். அவ்வினாவிற்கு விடை காணும் முயற்சியே இக்கட்டுரை. அப்படம் நமக்கு ஏமாற்றம் தருவது கலைக்குறையால் அன்று. சிறையின் பொருள் இரண்டனுள் ஒன்றையே அது கண்டது என்பதால் எனக் காட்ட முயல்வோம்.

பாதையின் வரலாறு

1942-இல் பர்மாவைக் கைப்பற்றிய ஜப்பானியப் படைக்கு, சிங்கப்பூரைச் சுற்றிச் செல்லும் கடல்வழி இடர் மிக்கதாயிற்று. ஆதலின் சயாமின் பான்போங் பகுதியிலிருந்து பர்மாவின் தன்பியூசாயத் வரை, மலையும் காடும் ஊடறுத்து, 415 கிலோமீட்டர் நீள இருப்புப்பாதை அமைக்கத் துணிந்தனர். 1942-இன் இடைப்பகுதியில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது.

அவ்வேலையில் பிரித்தானியர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர் முதலிய நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோர் ஈடுபடுத்தப்பட்டனர். அவருள் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவரினும் பன்மடங்கு மிக்கோர் ஆசியத் தொழிலாளர். மலாயா, பர்மா, ஜாவா முதலிய நாடுகளிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட இவர்தம் தொகையை 1,80,000 முதல் 2,50,000 வரை எனப் பலவாறு மதிப்பிடுவர். இறந்தோர் ஏறத்தாழ 90,000 என்பது பலரும் எடுத்துக்கூறும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து சென்றோருள் மிகப் பெரும்பான்மையோர் இரப்பர்த் தோட்டத் தமிழர். இறந்த போர்க்கைதிகளின் எண் ஏறத்தாழத் திட்டமாகத் தெரிய, இறந்த தொழிலாளரின் எண் மட்டும் இவ்வாறு அலைவுறுவது ஏன்? முன்னையோர்க்குப் பெயர்ப்பதிவு இருந்தது; பின்னையோர்க்கு இல்லை. எண்ணின் இவ்வேறுபாடே நம் ஆய்வின் வித்து என்க.

தமிழர் அங்குச் சென்ற வகையும் அறியத்தக்கது. போரினால் இரப்பர் ஏற்றுமதி நின்றது, தோட்டங்களில் வேலை ஒழிந்தது, அரிசி அருகியது. அந்நிலையில் சில திங்கள் வேலை, நாட்கூலி, உணவு என்னும் உறுதிமொழிகள் வந்தன. நம்பிச் சென்றோர் பலர். குடும்பத்தோடு சென்றோரும் உளர். சென்றவர் மீளாமை கண்டு பிறர் மறுத்தபொழுது, தோட்டத்திற்கு இத்துணைப் பேர் என வகுத்துப் பிடித்துச் சென்றனர். இலவசப் படக்காட்சி என்று கூட்டிக் கொட்டகைக் கதவை அடைத்து, உள்ளிருந்த ஆடவரை வண்டியேற்றியதும் உண்டு எனக் கூறப்படுகின்றது. திரைப்படத்தைக் காட்டிப் பிடிக்கப்பட்டோர் திரைப்படத்தில் இடம்பெறாது போயினர் என்பது எண்ணத்தக்கது.

போர்க்கைதிகள் கொடுந்துன்பம் உற்றனர் என்பதில் ஐயமில்லை. எனினும் அவர்க்குப் படைத்தலைவர் இருந்தனர், மருத்துவர் இருந்தனர், முகாமைத் தூய்மையாக வைக்கும் ஒழுங்கு இருந்தது. தொழிலாளர் குடில்களில் இவற்றுள் ஒன்றும் இல்லை. ஆதலின் 1943-இல் மழையோடு வாந்திபேதி பரவியபொழுது அத்தாப்புக் கூரையின்கீழ்க் கிடந்தோர் கூட்டங்கூட்டமாக மாண்டனர்.

பிரெஞ்சு நூலும் புதுவையும்

இப்படத்தின் மூலநூல் ஆங்கிலம் அன்று, பிரெஞ்சு. பியேர் பூல் என்பார் எழுதி 1952-இல் வெளியிட்ட நாவல் அது. புதுவையில் தமிழ் பயில்வோர்க்கு இந்நூலை அதன் மூலமொழியிலேயே கற்கும் வாய்ப்பு உண்டு. ஆதலின் இவ்வாய்வு இவ்வூர்க்கு ஒருவகையில் உரியது எனலாம்.

பூல் 1936 முதல் 1939 வரை மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் பணியாற்றியவர். மலாயாத் தோட்ட வாழ்வைப் பொருளாக வைத்து 1951-இல் வேறொரு நாவலும் எழுதினார். தமிழர் வியர்வையில் வளர்ந்த மரங்களிடையே வாழ்ந்த அவர்க்குத் தமிழ்த் தொழிலாளர் புதியவர் அல்லர். போர் மூண்டபின் அவர் சுதந்திரப் பிரான்சின் இயக்கத்தில் சேர்ந்தார். 1942-இல் இந்தோசீனாவிற்குள் மறைவாகப் புகுந்தபொழுது, விஷி அரசுக்குப் பணிந்த பிரெஞ்சு அதிகாரிகளாலேயே சிறைப்படுத்தப்பட்டு, 1944-இல் தப்பினார். பகைவர்க்குத் துணைநின்ற அத்தகைய அதிகாரிகளின் நினைவிலிருந்தே தம் நாவலின் தலைவனாகிய கர்னல் நிக்கல்சனைப் படைத்ததாகப் பூல் கூறியுள்ளார்.

ஈண்டுப் புதுவையின் வரலாறு நினைவிற்கு வருகின்றது. 1940 செப்டம்பரில் பிரெஞ்சிந்திய ஆளுநர் லூயி போன்வேன், விஷி அரசை விடுத்துத் தெகோலின் சுதந்திரப் பிரான்சின் பக்கம் நின்றார். இந்தோசீனாவின் பிரெஞ்சு ஆட்சியோ விஷியின்பால் நின்றது. சைகோன் நகரில் அரசுப்பணியிலும் வணிகத்திலும் இருந்த புதுவை, காரைக்கால் தமிழர் பலர். அவர் பிறந்த ஊர் ஒரு பக்கமும் பிழைத்த ஊர் மறுபக்கமுமாகப் பிரிந்தன. பணிவதா எதிர்ப்பதா என்னும் பூலின் வினா இவ்வூரார்க்கும் உரிய வினாவாக இருந்தது. ஆயினும் அவ்வினா அதிகாரம் உடையோரின் வினா. பணிதற்கும் எதிர்த்தற்கும் இடமே பெறாதவரைப் பற்றி அது பேசவில்லை.

மானச் சிறையும் பசிச் சிறையும்

தமிழ் இலக்கியத்தில் சிறை இருவேறு வகையாகப் பொருள்படுகின்றது.

முதலாவது மானச் சிறை. புறநானூற்றின் 74-ஆம் பாட்டு இதற்குச் சான்று. சோழன் செங்கணானோடு பொருது பிடிபட்டுக் குடவாயிற் கோட்டத்தில் அடைக்கப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை, தண்ணீர் வேண்டினான். காலம் தாழ்த்து வந்த அந்நீரைப் பருகாது மான உணர்வோடு உயிர்நீத்தான் என்பது அப்பாட்டின் அடிக்குறிப்புத் தரும் செய்தி. பொய்கையார் களவழி நாற்பது பாடி அவனை மீட்டார் என்னும் வேறொரு வழக்கும் உண்டு. இரண்டினும் சிறைப்பட்டவன் பெயருடையவன், குடியுடையவன். அவன் இழப்பதும் காப்பதும் மானமே.

இரண்டாவது பசிச் சிறை. மணிமேகலைக் காப்பியத்தில் மணிமேகலை காயசண்டிகை வடிவொடு சிறைக்கோட்டத்தினுள் புகுந்து, பசியால் வாடும் கைதிகளுக்கு அமுதசுரபியால் உணவூட்டுகின்றாள். வேண்டுவது யாது என அரசன் வினவ, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்குக என்கின்றாள். அங்குள்ள கைதிகளுக்குப் பெயரில்லை. அவர் செய்த குற்றம் யாதெனவும் சாத்தனார் ஆராயவில்லை. பசி ஒன்றே அவர்க்கு அடையாளம். புலவர் தம் பார்வையை அரசனிடமிருந்து பெயரில்லாரிடம் திருப்பிய இடம் அது.

இவ்விரு பொருளையும் அளவுகோலாகக் கொண்டு படத்தை நோக்குவோம். முகாம்தலைவன் சைட்டோ, கைதிகளுள் அதிகாரிகளும் உடலுழைப்புச் செய்தல் வேண்டும் என ஆணையிடுகின்றான். அஃது உலக உடன்படிக்கைக்கு மாறு என நிக்கல்சன் மறுக்கின்றான். அதற்காக வெயிலில் காயும் சிறு தகரக்கூண்டில் அடைக்கப்படுகின்றான், தளரவில்லை, முடிவில் சைட்டோவே தோற்கின்றான். இப்பகுதியைத் தமிழ் கற்றோர் காணின் கணைக்கால் இரும்பொறையை நினையாதிரார். மானச் சிறையின் இலக்கணம் முழுதும் இதில் அமைந்துள்ளது. கின்னஸ் கூண்டிலிருந்து தள்ளாடி நடந்துவரும் காட்சி திரைக்கலையின் உயர்ந்த இடங்களுள் ஒன்று என ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

ஆனால் அம்மானம் எதன்மேல் நிற்கின்றது? 'உடலுழைப்பு எம் நிலைக்கு உரியது அன்று' என்பதே அங்குள்ள வழக்கு. உடலுழைப்பே வாழ்வாகப் பெற்றவனுக்கு அவ்வழக்கில் இடமில்லை. பால்மரம் வெட்டியவனும் பாதைக்கு மண் சுமந்தவனும் எந்த உடன்படிக்கையைக் காட்டி மறுப்பர்? தமிழ்த் தொழிலாளர் கண்ணுக்குத் தப்பியது தற்செயல் அன்று; கதையின் அடிப்படையே அவரைக் காணவொட்டாதது.

பின்னர் நிக்கல்சன், தன் படையினரின் ஒழுங்கைக் காப்பான் வேண்டி, பகைவர்க்கே சிறந்த பாலம் கட்டித்தர முனைகின்றான். அப்பாலத்தைத் தகர்க்க வேறொரு குழு வருகின்றது. நாவலில் பாலம் நிற்கின்றது; படத்தில் அது புகைவண்டியோடு சிதறி வீழ்கின்றது. உண்மையில் காஞ்சனபுரியை அடுத்துக் கட்டப்பட்ட பாலம் இவ்வாறு வெடிவைத்துத் தகர்க்கப்படவில்லை. 1945-இல் நேசநாட்டு வானூர்திகளின் குண்டுவீச்சால் பழுதுற்றுப் பின்னர்ச் செப்பனிடப்பட்டது. இன்றும் அதன்மீது வண்டி ஓடுகின்றது. வரலாற்றில் முகாமின் தலைவராயிருந்த பிலிப் டூசி என்னும் அதிகாரி நிக்கல்சனை ஒத்தவர் அல்லர் என்பதையும் அவர்கீழ் இருந்தோர் வலியுறுத்தினர். ஆகவே அப்படத்தின்பால் குறைகண்டோர் தமிழர் மட்டும் அல்லர்.

மற்றொரு செய்தியும் உண்டு. இப்படம் சயாமில் எடுக்கப்படவில்லை. இலங்கையில், களனி ஆற்றங்கரையில், கித்துல்கல என்னும் இடத்தில் எடுக்கப்பட்டது. தேயிலைத் தோட்டங்களில் தமிழர் உழைத்த மலைநாட்டின் அருகே, மற்றொரு நாட்டுத் தோட்டத் தமிழர் மாண்ட கதையின் களம் அமைக்கப்பட்டது. அவர் இருந்த இடத்தையும் அவர் இறந்த வரலாற்றையும் அருகில் வைத்துக்கொண்டே படம் அவரை விடுத்துச் சென்றது.

தடையும் விடையும்

'அப்படம் பிரித்தானியக் கைதிகளின் முகாம் பற்றியது. எல்லாரையும் காட்டுதல் ஒரு கதைக்கு இயலுமோ? சொல்லாததைக் குற்றமாக்குதல் முறையோ?' எனின், அத்தடை வலியுடையதே. ஒரு நூல் தான் எடுத்த பொருளை மட்டுமே கூறும் உரிமை உடையது. இலியட்டில் படகோட்டிகளின் பெயர் இல்லை என்று ஹோமரை யாரும் குறைகூறார்.

எனினும் ஒரு படைப்பு ஒரு நிகழ்ச்சியைப் பற்றிய உலக நினைவாகவே ஆகிவிடின், அளவை மாறுகின்றது. பாலத்தின் கீழோடும் ஆற்றிற்கு முன்னர் வேறு பெயர் இருந்தது. படத்தைக் கண்டு வந்தோர் குவாய் ஆற்றைத் தேடியமையால், 1960-களில் அப்பகுதிக்குக் குவாய் என்னும் பெயரையே இட்டனர். ஆற்றின் பெயரையே மாற்றவல்ல ஒரு படம், அவ்வாற்றங்கரையில் இறந்தோரின் நினைவையும் மாற்றவல்லது. கலைஞன் கருதாவிடினும் இப்பயன் விளைந்தது. ஆதலின் குற்றத்தை முழுதும் இயக்குநர்மேல் ஏற்றாது, நிறைவு செய்யவேண்டிய கடன் பின்வந்தோர்க்கு உண்டு எனக் கொள்வதே நடுவுநிலை.

அக்கடனைப் பின்வந்த படமும் ஆற்றவில்லை. 1989-இல் ஆண்ட்ரூ மக்லாக்லன் இயக்கத்தில், எட்வர்டு பாக்ஸ், டென்ஹோம் எலியட், தத்சுயா நகடாய் முதலிய பெயர்பெற்ற நடிகரோடு, 'குவாய் ஆற்றிலிருந்து மீட்சி' எனப் பொருள்படும் படம் ஒன்று வந்தது. பாதை முடிந்தபின் கைதிகளை ஜப்பானுக்குக் கொண்டுசெல்லும் கதை அது. முன்னைப் படத்தின் கலைத்திறமும் அதற்கு இல்லை. விடுபட்டோரைக் காணும் நோக்கமும் இல்லை. குவாய் என்னும் பெயரை ஆளும் உரிமை குறித்து அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்கு நடந்ததே அதன் வரலாற்றில் நினைக்கப்படும் செய்தி. ஒரு பெயர் யாருக்கு உடைமை என்று வழக்காடினர். பெயரே இன்றி மாண்டோர்க்காக வழக்காடுவோர் அம்மன்றத்தில் இலர்.

பெரும் நடிகர் கூட்டத்தை நம்பும் படங்களுக்கு இக்குறை இயல்பாக அமைகின்றது. அறிந்த முகங்கள் பலவாக, ஒவ்வொரு முகத்திற்கும் ஒரு வீரச்செயல் வேண்டும். வீரச்செயல் பெருகப் பெருக முகாம் நாடக மேடையாகும். அறியாத முகங்கள் பின்னணியாய் மறையும். பசிச் சிறையைப் பாடுதற்கு அம்முறை ஏலாது.

தமிழர் எழுதியது

விடுபட்ட பகுதியை எழுதியோர் மலேசியத் தமிழ் எழுத்தாளர். ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' என்னும் நாவலும், அ. ரெங்கசாமி எழுதிய 'நினைவுச்சின்னம்' என்னும் நாவலும் இவ்வகையில் தலையாயவை. முன்னது 1993-இலும் பின்னது அதற்குப் பின்னும் வெளிவந்தன. பாதை முடிந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே தமிழில் இப்பொருள் நாவலாகப் பரவலாக அறியப்பட்டது என்பது நாமும் நாணவேண்டிய செய்தி. படம் 1957-இல் வந்தது. பெயரறிந்து பேசவல்ல உறவினர் அப்பொழுது பல்லாயிரவர் உயிரோடிருந்தனர். மேனாட்டார் காட்டவில்லை எனக் குறைகூறும் நாம், அந்நாளில் தமிழகத்திலிருந்து கேட்கச் சென்றோமில்லை.

இத்தகைய படைப்புகளைத் தமிழ் மரபிற்குப் புதியன எனக் கருதுதல் வேண்டா. கடல்கடந்த தொழிலாளர் துயரம் பாட்டிற்குரிய பொருள் என்பதை, 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்த பாரதியார், பிஜித்தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்டிரைப் பாடி முன்னரே நிறுவிவிட்டார். சாத்தனார் தொடங்கி, பாரதியார் வழியாக, மலேசிய நாவலாசிரியர் வரை பசிச் சிறையின் நெறி ஒன்று தமிழில் தொடர்ந்து வருகின்றது. இந்நெறியை ஒரு தனி மரபாகக் கொண்டு ஆராய்தல் நம் துறைக்கு உரிய பணி.

நடுகல்

போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் போர்க்கல்லறைத் தோட்டம் உண்டு. அங்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள், பெரும்பாலும் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டு, வரிசையாக உள்ளன. ஆசியத் தொழிலாளர்க்கு அவ்வாறு தனித்தனிக் கல்லறை இல்லை.

தொல்காப்பியர் புறத்திணையியலில் நடுகல் வழிபாட்டை ஆறு நிலையாக வகுப்பர். கல்லைக் காணுதல் அதன் முதல்நிலை; வாழ்த்துதல் இறுதிநிலை. இடையில் பெயரும் சிறப்பும் பொறிக்கப்படும் என்பதைச் சங்கப் பாடல்களாலும், தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டறியப்பட்ட தமிழ்-பிராமி நடுகற்களாலும் அறிகின்றோம். வீழ்ந்தவன் இன்னான், இன்ன பூசலில் வீழ்ந்தான் என்று கல் பேசும். நடுகல்லின் உயிர் பெயரே.

2023-இல் தாய்லாந்துத் தமிழ்ச் சங்கத்தார் முயற்சியால், தொழிலாளர் எலும்புகள் அடக்கம் பெற்ற காஞ்சனபுரிப் பௌத்தக் கோவில் வளாகத்தில், சயாம் பாதையில் இறந்த தமிழர்க்கு நடுகல் ஒன்று எழுப்பப்பட்டது. ஆநிரை மீட்டு வீழ்ந்த மறவர்க்கு உரியதாயிருந்த கல், மண் சுமந்து மாண்ட தொழிலாளர்க்கும் உரியதாயிற்று. இலக்கண மரபு இவ்வாறு விரிதல் தவறன்று. மானத்திற்கு உரிய சிறப்பை உழைப்பிற்கும் வழங்கியதால் மரபு உயர்வே பெற்றது எனக் கருதுகின்றோம்.

ஆயினும் அக்கல் பல்லாயிரவர்க்கு ஒரு கல். இறந்தோர் ஒவ்வொருவர் பெயரும் அதில் இல்லை, இருத்தற்கும் வழியில்லை. அவர் பெயர்களைத் தொகுத்தார் இலர்.

முடிவுரை

'நம்மவர் எங்கே?' என்னும் வினாவிற்கு விடை இது: படத்தில் அவர் இலர், ஏனெனில் அப்படம் மானச் சிறையை மட்டுமே கண்டது. பசிச் சிறையைக் காணும் கண் தமிழிலக்கியத்திற்கு உண்டு. அக்கண்ணைக் காலத்தில் திறவாதது நம் குறை.

எஞ்சிய பணியும் தெளிவானது. மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் 'சயாமுக்குப் போனவர்' என்று ஒரு தாத்தாவோ பெரியப்பாவோ நினைக்கப்படுகின்றனர். சென்று மீண்டோர் தலைமுறை ஏறத்தாழ மறைந்துவிட்டது. கேட்டறிந்த மக்களும் பேரரும் உளர். தோட்டத்தின் பெயர், சென்ற ஆண்டு, சென்றவர் பெயர் ஆகிய மூன்றையேனும் அவரிடம் கேட்டுத் தொகுக்கும் முதுகலை மாணவர், ஆய்வேட்டிற்குப் பொருள் தேடி அலையவேண்டியதில்லை. பிரெஞ்சு அறிந்த புதுவை மாணவர், பூலின் நூல்களில் தமிழ்த் தொழிலாளர் எங்ஙனம் தோன்றுகின்றனர், எங்ஙனம் மறைகின்றனர் என வரிதோறும் ஆராய்தலும் ஆம்.

புதுவைக் கடற்கரையில், முதல் உலகப் போரில் இறந்த பிரெஞ்சிந்திய வீரர்க்காக 1938-இல் திறக்கப்பெற்ற நினைவுச்சின்னத்தை நாம் நாள்தோறும் கடந்து செல்கின்றோம். அரசு அழைத்துச் சென்ற படைவீரர்க்கு அரசு கல் நாட்டிற்று. எவரும் பொறுப்பேற்காது இறந்தோர்க்குக் கல் நாட்டுதல் புலமையோர் கடன். அக்கல்லிற் பொறிக்கப் பெயர்கள் வேண்டும். அவற்றைத் தேடித் தருதல் நம் துறையின் வேலை.